மெஸ் கணக்கும் கேட் நேரமும்



பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் திருத்தணி வீடுகளில் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் ஒரு வாக்குவாதம் நடக்கும். எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்பதெல்லாம் ஒருவழியாக முடிவான பிறகு கிளம்புகிற வாக்குவாதம் அது. "ரயில்ல போய்ட்டு வந்துடலாமே, ஹாஸ்டல் எதுக்கு?" என்பார் அப்பா. மகனோ மகளோ பதில் சொல்வதற்குள் அம்மா, "சாப்பாடு எப்படி இருக்குமோ" என்று தொடங்கிவிடுவார்.

அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பும் மின்சார ரயில் நம் ஊர் வரை வருகிறது. சீசன் டிக்கெட்டுக்கு ஆகும் செலவு, விடுதிக் கட்டணத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது. ஆனால் சென்னைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். இறங்கிய பிறகு பஸ் வேறு. விடியற்காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கும். வடக்கே திருப்பதியில் 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே போனாலும் இதே கதைதான். ஊரிலேயே ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நல்லது. ஆனால் எல்லாப் படிப்பும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுமா?

படிப்புக்காக ஊரை விட்டுக் கிளம்புவது திருத்தணிக்குப் புதிதல்ல. 1888-இல் இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் முதலில் திருப்பதி மிஷன் பள்ளிக்கும், பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரிக்கும், அங்கிருந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும் போனார். அவர் படித்த காலத்தில் அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-இல்தான் அது தாம்பரத்துக்கு இடம் மாறியது. மாறியபோது செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. மாணவர்களை ஒரே பெரிய கட்டடத்தில் அடைக்காமல் சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று ஹால்களாகப் பிரித்து வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி உணவுக்கூடம், தனி விழா, தனி வீறாப்பு. தலை நரைத்த பழைய மாணவர்கள் இருவர் சந்தித்தால், என்ன பாடம் படித்தீர்கள் என்று கேட்பதற்கு முன்பே எந்த ஹால் என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

நான் ஒரு கல்லூரி விடுதியில் சில ஆண்டுகள் டெபுடி வார்டனாக இருந்தவன். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் நேராக அறையைத்தான் பார்ப்பார்கள். கட்டிலைத் தட்டிப் பார்ப்பார்கள், மின்விசிறியைப் போட்டுப் பார்ப்பார்கள், ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா என்பார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் பிள்ளை அங்கே எப்படி இருக்கப் போகிறது என்பதை அறை தீர்மானிப்பதில்லை. மெஸ் கணக்கை யார் பார்க்கிறார்கள், கேட்டை யார், எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

மெஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன். பல கல்லூரி விடுதிகளில் 'டிவைடிங் சிஸ்டம்' என்று ஒன்று உண்டு. ஒரு மாதத்தில் அரிசி, பருப்பு, காய்கறி, பால், கேஸ் என்று ஆன மொத்தச் செலவை, அந்த மாதம் எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்களோ அந்தச் சாப்பாட்டு நாட்களால் வகுப்பார்கள். கிடைப்பது ஒரு நாள் ரேட். உதாரணத்துக்கு, 200 பேர் இருக்கும் விடுதி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 25 நாள் என்றால் 5,000 சாப்பாட்டு நாள். செலவு 6 லட்சம் ரூபாய் என்றால் நாளுக்கு 120 ரூபாய். ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுப் போனால் அந்த நாட்களுக்குக் கட்ட வேண்டியதில்லை. எழுத மறந்தால், வீட்டில் அம்மா கையால் சாப்பிட்ட நாளுக்கும் சேர்த்து மெஸ் பில் வரும்.

எவ்வளவு நேர்மையான ஏற்பாடு என்று தோன்றும். பெரும்பாலும் நேர்மையானதுதான். ஆனால் இதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். சமையல்காரர் சம்பளம் பாதியாகக் குறையுமா? அடுப்புக்கு ஆகும் கேஸ் அப்படியே பாதியாகுமா? சம்பளத்தையும் இதே கணக்கில் சேர்க்கும் விடுதிகளில், அந்தச் செலவு முழுவதும் மிச்சமிருக்கும் கொஞ்சம் பேர் தலையில் விழும். மிச்சமிருப்பவர்கள் யார்? போய்வரக் காசில்லாதவர்கள், தொலைதூரத்துக்காரர்கள். பண்டிகை மாதத்தில் நாள் ரேட் ஏறினால், ஏறிய காசு அவர்கள் பையிலிருந்துதான் போகிறது. இதை முதலில் கண்டுபிடித்துக் கேட்பவன் பெரும்பாலும் வணிகவியல் மாணவனாகத்தான் இருப்பான். அவனையே அடுத்த ஆண்டு மெஸ் செக்ரட்டரி ஆக்கிவிடுவது புத்திசாலி வார்டனின் வழக்கம். கோயம்பேட்டில் தக்காளி விலை கேட்டு வந்த பிறகு, சாம்பார் தண்ணியாக இருக்கிறதென்று அவன் முன்போல் மேஜையைத் தட்ட மாட்டான். அல்லது, தட்டுவதற்கு உருப்படியான காரணத்தோடு தட்டுவான்.

சேர்ந்து சாப்பிடுவது சாதாரண விஷயம்போலத் தெரிகிறது. ஆனால் ஒரு பந்திக்காகத் தமிழ்நாட்டு அரசியலே திரும்பியிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922-இல் நடத்தத் தொடங்கிய குருகுலம், தேசிய உணர்வோடு பிள்ளைகளை வளர்க்க வந்த உறைவிடப் பள்ளி. காங்கிரஸ் கட்சியும் அதற்கு நிதி கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள், பெற்றோர் கேட்டுக்கொண்டார்களாம். செய்தி வெளியே வந்ததும், காங்கிரசிலேயே இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தெழுந்தார்கள். இரண்டு இலைகள் தனியாக விழுந்ததில் கட்சியே பிளந்தது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசத்தில் அருவியில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டுக்குப் பின் பெரியார் காங்கிரசை விட்டே வெளியேறினார். அது நூறாண்டுக்கு முந்தைய கதை என்று சொல்லித் தப்ப முடியாது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி-யின் ஒரு மெஸ்ஸில், சைவம் உண்போருக்குத் தனி வாசல், தனிக் கை கழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் எடுத்துவிட்டார்கள்.

ஒருவர் உணவு இன்னொருவருக்குப் பிடித்தே தீர வேண்டும் என்பதில்லை. 1914-இல் கேம்பிரிட்ஜ் போன கணிதமேதை ராமானுஜன், டிரினிட்டி கல்லூரிச் சாப்பாடு ஒத்துவராமல் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். இன்று நம் பிள்ளைகள் அலமாரியில் துணிக்கு அடியில் கெட்டில் ஒளித்துவைத்து நூடுல்ஸ் செய்வது ஒருவகையில் அந்த மரபுதான். சோதனைக்குப் போகும்போது துணிக்குவியல் சூடாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். கண்டும் காணாமல் வந்த நாட்களும் உண்டு.

அரசு விடுதிகளைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் விடுதிகளில் தங்கவும் உண்ணவும் கட்டணம் இல்லை. 2025 ஜூலையில் இவை எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பொதுப்பெயர் வைத்தார்கள். சாதிப் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நுழைந்து வெளியேறிய பிள்ளைகளுக்கு அது பெயர் மாற்றம் மட்டுமல்ல. ஆனால் பலகை மாறினால் போதாது, தட்டும் மாற வேண்டும். கல்லூரி மாணவருக்கு உணவுச் செலவாக மாதம் 1,100 ரூபாய் கொடுத்துவந்ததை 2023-இல் 1,500 ஆக்கினார்கள். நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து. மலையடிவார ஓட்டலில் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி சாப்பிட்டு எழுந்து பாருங்கள், இந்தக் கணக்கு புரியும். இதற்குள் வாரம் முழுவதும் சமைத்துப்போடும் சமையலர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது கேட். ஆண்கள் விடுதியில் கேட் என்பது பெரும்பாலும் ஒரு சம்பிரதாயம். மதில் எங்கே தாழ்வாக இருக்கிறது என்று முதலாண்டு மாணவனுக்கே தெரியும். பெண்கள் விடுதியில் அது சட்டம். நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். மாணவி ஆறரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்றால், அந்த ஒன்றரை மணி நேரப் படிப்பு யாருக்கு? ஒரே கட்டணம் கட்டி, ஒரே தேர்வு எழுதுகிறவர்கள்தானே? 2015-இல் தில்லி மாணவிகள் 'பிஞ்ரா தோட்' என்று ஓர் இயக்கமே நடத்தி இதைத்தான் கேட்டார்கள். பாதுகாப்பு என்பார்கள். பாதுகாப்பு வேண்டும்தான். அதற்குத் தெருவிளக்கும் இரவுப் பேருந்தும் போடலாம். பூட்டு மலிவு என்பதால் பூட்டைப் போடுகிறோம்.

ராகிங் பற்றிக் கேட்காத அம்மா இல்லை. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட கொடுமையை இந்த வானொலியைக் கேட்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகே 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்கும் விதிகள் கொண்டுவந்தது. ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தருவதும் அப்படித்தான் வந்தது. புகார் சொல்ல இலவச எண் 1800-180-5522. குறித்துக்கொள்ளுங்கள். நிலைமை முன்பைவிடப் பெரிதும் மாறியிருக்கிறது. இப்போது முதலாண்டுப் பிள்ளையை வாட்டுவது பெரும்பாலும் சீனியர் அல்ல, தனிமை. அறையில் மூன்று பேர் இருப்பார்கள், மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் பதினைந்து நாள் பிள்ளை தினமும் போனில் அழும். பிறகு போன் குறையும். அதற்காகக் கவலைப்படாதீர்கள். அழைப்பு குறைந்து, சாப்பாடும் குறைந்து, வகுப்புக்கும் போகாமல் இருந்தால் மட்டும் உடனே கிளம்பிப் போய்ப் பாருங்கள்.

தனிமையை வெல்வதில் திருத்தணிப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடியதால் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியது, வீட்டுக்குள் பேசும் மொழி மாறவில்லை. கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் பேசுகிறவர்கள் நாம். விடுதி அறையில் நெல்லூர்ப் பையனும் தென்காசிப் பையனும் இரண்டு மூலையில் முறைத்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் இருக்கும் திருத்தணிப் பையன்தான் இருவர் பேச்சையும் இருவருக்கும் எடுத்துச் சொல்வான். அவன் கொண்டுபோன கோங்குரா ஊறுகாய் ஒரு வாரத்தில் காலியாகும். அதைப் பற்றி வீட்டுக்கு அவன் புகார் சொன்னால், நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நேயர்களே, சேர்க்கைக்குப் போகும் நாளில் சில விஷயங்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள். போன மாத மெஸ் பில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறதா? வார்டன் இரவில் வளாகத்திலேயே தங்குகிறாரா? ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தினமும் எத்தனை மணி நேரம்? பாதியில் விட்டால் முன்பணம் எவ்வளவு திரும்பும்? முடிந்தால் அன்று மதியம் மாணவர்களோடு அதே மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். வெளியே தனியார் விடுதி பிடிப்பதானால் இன்னொன்று: ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்குவதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024-இல் விலக்கு கொடுத்துவிட்டார்கள். ரசீதில் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அரசு விடுதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அந்தந்த விடுதிக் காப்பாளரிடமே கேளுங்கள். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் சேர, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. மாணவிகளுக்கு அந்த விதி இல்லை.

சேர்த்துவிட்டு வந்த கொஞ்ச நாளில் ஆடிக் கிருத்திகை வந்துவிடும். காவடிக் கூட்டத்தில் ஊர் கொள்ளாது. அன்றைக்கு உங்கள் பிள்ளை தனியாக வராது. மலைக்கோயிலுக்கு 365 படி ஏறலாம் என்று ஆசை காட்டி அறைத்தோழர்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டுதான் வரும். உலையில் அரிசி கூடுதலாகப் போட்டுவையுங்கள். வந்தவர்கள் இலையில் உட்கார்ந்ததும், மெஸ் ரிஜிஸ்டரில் லீவு எழுதிவிட்டு வந்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நிச்சயம் ஒருவராவது எழுதியிருக்க மாட்டார்.