அடுப்படிப் புகையும் வயித்துப் பிள்ளையும்

(மகளிர் அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடை ஏறினா வழக்கமா தேர்தல் கணக்குதான் பேசுவோம். இன்னிக்கு அடுப்படிக்குள்ள போகலாம். இதை செல்போன்ல படிக்கிற தம்பிகளும் ஒரு அஞ்சு நிமிஷம் கூட வாங்க.

ஐப்பசி மழையில, ஈரக் கருவேல விறகை வச்சு அடுப்பு மூட்டிப் பார்த்திருக்கீங்களா? ஊதுகுழலை எடுத்து ஊதி ஊதி, கண்ணு எரிஞ்சு, மூக்குல தண்ணி வந்து... எங்க அம்மா அப்படித்தான் எங்க மூணு பேரையும் சுமந்தாங்க. 'புகையில என்ன ஆகிடப் போகுது'ன்னுதான் நாங்களும் வளர்ந்தோம்.

என்ன ஆகுதுன்னு சொல்றேன். விறகுப் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடிச்சுக்கும். தாய்க்குக் குறைஞ்சா நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்குப் போறதும் குறையும். கூடவே கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு, நுரையீரலோட ஆழம் வரைக்கும் இறங்கும்.

நம்ம தமிழ்நாட்டுத் தாய்மார்கள் 1,285 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் தூசு 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் பிள்ளையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. 4 கிராம்தானேன்னு தள்ளிடாதீங்க. விறகடுப்பு எரியுற அறையில தூசு பத்தோட நிக்காது. இரண்டரைக் கிலோ தொடுமா தொடாதான்னு இழுபறியில பிறக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குதான்.

இன்னொரு ஆய்வையும் சொல்லணும், மறைக்கக் கூடாது. நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி பக்கத்துக் கிராமங்கள், கூடவே குவாத்தமாலா, பெரு, ருவாண்டா. மொத்தம் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமா வீட்டுக்கே போச்சு. தாய் சுவாசிச்ச தூசு 70 மைக்ரோகிராம் அளவுல இருந்து 24-க்கு இறங்கிச்சு. ஆனா 2022-ல முடிவு வந்தப்போ, எடையில வித்தியாசம் சுமார் 20 கிராம்தான். அதையும் உறுதியா சொல்ல முடியல. 'அப்போ கேஸ் எதுக்கு?'ன்னு கேட்பாங்க. அந்தப் பெண்கள் ஆய்வுல சேர்ந்ததே கர்ப்பம் 9 வாரத்தைத் தாண்டின பிறகுதான். ரத்தசோகையும் அரை வயித்துச் சாப்பாடும் அடுப்பை மாத்தினதும் போயிடாது. எனக்கு அந்த ஆய்வுல பெரிசாப் பட்டது வேற. சிலிண்டர் தடையில்லாம வந்தப்போ, கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுமே விறகடுப்பைக் கைவிட்டாங்க. 'கிராமத்துப் பொம்பளைங்களுக்கு விறகடுப்பு ருசிதான் பிடிக்கும்'னு ஏ.சி. அறையில உட்கார்ந்து சொல்றாங்களே, அவங்களுக்கு இதுதான் பதில். ருசி இல்லைங்க, காசு!

2016 மே 1-ல் உத்தரப்பிரதேசம் பாலியாவில் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. இணைப்பு 10 கோடியைத் தாண்டிவிட்டது. நல்ல விஷயம்தான், குறை சொல்லல. ஆனா இணைப்பு வேற, எரியுற அடுப்பு வேற. சிலிண்டர் 800 ரூபாய்க்கு மேல. 300 ரூபாய் மானியம் உண்டு, ஆனா முழுப் பணத்தையும் முதல்ல கையில எடுத்து வைக்கணுமே! நூறு நாள் வேலைக்குப் போற அம்மாவுக்கு அது ஏறக்குறைய மூணு நாள் கூலி. அதனால சிலிண்டர் மூலையில நிக்குது, காபி போட மட்டும் கேஸு. சோறு விறகுல வேகுது.

கேஸ் இருக்கிற வீட்லகூட, பிள்ளைக்குக் குளிக்க வெந்நீர் எதுல வைக்கிறீங்க? விறகுலதான். குளிப்பாட்டி முடிச்சதும் சாம்பிராணிப் புகை வேற. பாட்டிமார் கோவிச்சுக்காதீங்க! தலை துவட்ட நல்ல பருத்தித் துணி போதும். பத்து நாள் பிள்ளையோட நுரையீரலுக்கு அந்தப் புகை வேண்டாம். வீட்டுக்குள்ள இருக்கிற புகையால 2020-ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் இறந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. அதுல 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல அஞ்சு வயசு நிரம்பாத குழந்தைங்க.

நம்ம கோரிக்கை இதுதான். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபாய் உதவி இருக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகம் இருக்கு. அதோட சிலிண்டரையும் சேருங்க. கிராம செவிலியர்கிட்ட கர்ப்பம் பதிவான நாள்ல இருந்து, பிள்ளைக்கு ஒரு வயசு ஆகிற வரைக்கும் இலவசமா, வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கணும்.

கிளை நிர்வாகிகளே, இந்த வாரம் உங்க ஊர்ல எத்தனை கர்ப்பிணி வீட்ல விறகு எரியுதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அக்டோபர் 2 கிராம சபையில அந்த எண்ணோட தீர்மானம் கொடுங்க. தீர்மான நோட்டுல ஏறினதை நின்னு பார்த்துட்டு, படம் எடுத்து இங்கே கமென்ட்ல போடுங்க.