'சைன்' என்ற சொல்லின் பூர்வீகம்
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பத்து நிமிஷம்தான் அனுமதி. ஆகவே ஒரே ஒரு ஆங்கிலச் சொல். பள்ளியில் நம்மைப் பாடாய்ப் படுத்திய 'சைன் தீட்டா'வின் 'சைன்'.

வட்டத்தின் ஒரு பகுதியை வில்லாகக் கொண்டால், அதன் இரு முனைகளை இணைக்கும் கோடு நாண். கிரேக்கர்கள் முழு நாணை வைத்துக் கணக்கிட்டார்கள். பாதி நாண்தான் சௌகரியம் என்று கண்டது நம் நாட்டு வான சாஸ்திரம். கி.பி. 499-ஐ ஒட்டி ஆர்யபடர் 24 அரை நாண்களின் வித்தியாசங்களைத் தந்தார். 225, 224, 222, 219, 215, 210, 205, 199 என்பவை முதல் எட்டு. ஒவ்வொன்றும் மூன்றே முக்கால் டிகிரி; எட்டுக்கு 30 டிகிரி. கூட்டினால் 1719. அவர் கொண்ட ஆரம் 3438, அதில் சரிபாதி! சைன் 30 அரை என்று நாம் மனப்பாடம் செய்தது இதுதான்.

அரை நாணுக்கு அவர் இட்ட பெயர் 'அர்த்த ஜ்யா'. அது சுருங்கி 'ஜ்யா', 'ஜீவா' என்றாயிற்று. அரபு அறிஞர்கள் அதை 'ஜீபா' என்று எடுத்துக்கொண்டார்கள். அரபியில் அதற்குப் பொருளில்லை. எழுத்தில் ஜ, ய, ப மட்டுமே நிற்கும். பின்னால் வந்தவர்கள் அதை 'ஜைப்' என்று படித்தார்கள். ஜைப் என்றால் அங்கியின் மார்புப் பக்க மடிப்பு. இங்கே ஹிந்தியில் தினமும் சொல்லும் 'ஜேப்', நம் பாட்டிமார் சொன்ன 'ஜேபி' எல்லாம் அதன் வாரிசுகளே. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் லத்தீனுக்கு மொழிபெயர்த்தவர்கள், மடிப்புக்கு உள்ள லத்தீன் சொல்லான 'சைனஸ்' என்பதையே போட்டுவிட்டார்கள். மூக்கடைப்புக்கு டாக்டர் சொல்லும் சைனஸும் அதேதான்! 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்தில் 'சைன்' ஆனது.

சைன் சம்ஸ்கிருதச் சொல் என்று சிலர் மார்தட்டுகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. சொல் லத்தீன், அரை நாண் என்ற கருத்துதான் நம்முடையது. அதுவே போதுமான பெருமை.

'கோசைன்' நமது 'கோடிஜ்யா'விலிருந்து வந்தது என்றும் செல்போனில் செய்திகள் சுற்றுகின்றன. அந்த ஒலி ஒற்றுமை தற்செயலானது. நிரப்புக் கோணத்தின் சைன் என்று பொருள்படும் லத்தீன் தொடரைச் சுருக்கி, 1620-ல் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் ஆக்கிய பெயர் அது. 60 டிகிரியின் கோசைன், 30 டிகிரியின் சைன், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டார்கள்.