கடைசி ரயில் போன பிறகு

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)

 

"கல்லூரி நினைவு ஏதாவது ஐந்து நிமிஷம் பேசுங்கம்மா" என்றார் செயலாளர். கேண்டீன், ஆண்டு விழா, வகுப்புக்குக் கட் அடித்தது எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் ரயிலைத் தவறவிட்ட கதையைச் சொல்கிறேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டுக்கும் காரணம் என் வாய்தான்.

முதல் தடவை 1984-ல். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாங்க் இன்டர்வியூவுக்காகத் திருச்சியிலிருந்து வந்தவள், அது முடிந்ததும் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த தோழி வீட்டுக்குப் போனேன். பேச்சு, பேச்சு, ஒரே பேச்சு! அப்போது இந்தப் பக்கம் பறக்கும் ரயில் எல்லாம் கிடையாது. அது கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்ததே 1995-ல்தான். பஸ் பிடித்து எழும்பூர் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஊர் ரயில் போய்விட்டது. அன்றைக்கு அதுதான் கடைசி.

திரும்பிப் போகலாம் என்றால் பஸ் இல்லை. ஆட்டோவில் தனியாக ஏறப் பயம். தோழி வீட்டில் போன் கிடையாது. கைப்பையில் பணம் இருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே லாட்ஜுகளும் இருந்தன. தைரியமாக ஒன்றில் நுழைந்து ரூம் கேட்டேன். மேசைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையாம்மா?" என்றார். இல்லை என்றதும் நோட்டை மூடிவிட்டார். அடுத்த லாட்ஜில் அந்தக் கேள்வியும் இல்லை, "ரூம் இல்லை" என்ற பதில் மட்டும். எனக்குப் பின்னால் வந்தவருக்குச் சாவி கொடுத்ததை நான் படியிறங்கும்போது பார்த்தேன்.

அன்று இரவு பெண்கள் வெயிட்டிங் ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மா, "படுத்துக்கோ கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று தன் பழைய புடவை ஒன்றைக் கொடுத்தார். அந்த வேலை எனக்குக் கிடைத்தது, 37 வருஷம் பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இரவை நான் வீட்டில் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், "இனிமேல் தனியாகப் போகாதே" என்றிருப்பார்கள். தப்பு செய்தவள் போல நானே மூடி மறைத்தேன்.

இரண்டாவது தடவை, போன வருஷம். இந்தக் கூடுகைக்காக ராஜா அண்ணாமலைபுரத்திலேயே ஆலோசனைக் கூட்டம். மறுபடியும் பேச்சு! மணியைப் பார்த்தால், பறக்கும் ரயில் பிடித்தாலும் எழும்பூர் ரயிலைப் பிடிக்க முடியாது. கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறலாம் என்றார்கள். அறுபது தாண்டிய முழங்கால் சம்மதிக்கவில்லை. அதே தோழி வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் அவள் கணவர் அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். அந்நேரத்தில் கதவைத் தட்ட மனசு வரவில்லை.

பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல். மேசையில் இருந்த பையன் ஆதார் அட்டையைக் கேட்டான், கையெழுத்துக் கேட்டான். மூன்றாவதாக ஒரு கேள்வி வரும் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். அவன், "லிஃப்ட் அந்தப் பக்கம் மேடம்" என்றான். அவ்வளவுதான்!

அறை என்றால் கட்டில், ஒரு பலகை மேசை, வெந்நீர்க் கெட்டில், குளியலறை. பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமில்லை. ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. அதைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வருஷம் கழித்துக் கிடைத்த சாவி அல்லவா!

இந்தச் சின்ன அறைச் சங்கதியில் ஜப்பான்காரர்கள் பலே ஆட்கள். அங்கே நள்ளிரவு தாண்டினால் ரயில் நின்றுவிடும், பிறகு விடிகாலையில்தான். கடைசி ரயிலை விட்ட ஆபீஸ்காரர்கள் தலைசாய்க்க, ஆள் படுக்கும் அளவுக்குப் பெட்டி பெட்டியாக அடுக்கிய ஹோட்டலை 1979-ல் ஒசாகாவில் திறந்தார்கள். வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா என்ற கட்டடக் கலைஞர். ஆனால் கேளுங்கள், அந்த மாதிரி இடங்கள் ஆரம்பத்தில் பெரும்பாலும் ஆண்களுக்கு மட்டும்தான்! ரயிலைத் தவறவிடும் உரிமைகூட அங்கேயும் ஆம்பிளைகளுக்குத்தான் முதலில் கிடைத்தது. நம் நாட்டில் 2021 நவம்பரில் மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனில் அதே பாணியில் 48 படுக்கைப் பெட்டிகளோடு ஒன்று திறந்தபோது, பெண்களுக்கென்று தனியாகவும் சில ஒதுக்கினார்கள். அந்த மட்டில் சந்தோஷம்.

மறுநாள் காலையில் தோழி போனில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். "என் வீடு இருக்கும்போது உனக்கு ஹோட்டலாடீ?" நேரே அவள் வீட்டுக்குப் போய்க் காபி குடித்தேன். 1984-ல் அவள் வீட்டுக் கதவை விட்டால் எனக்கு இந்த ஊரில் வேறு கதவு கிடையாது. இப்போது உண்டு. இருந்தும் அவள் வீட்டுக்குத்தான் போனேன். போக்கிடம் இல்லாமல் போவதற்கும் ஆசையாகப் போவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? இந்த அரங்கைப் பாருங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். இன்று வந்திருப்பவர்கள் ஆறு பேர். வராதவர்களுக்குப் போன் போட்டேன். "ராத்திரி எங்கேடீ தங்கறது? யாரையாவது கூட்டிக்கிட்டு வரணும்" என்றுதான் பலரும் சொன்னார்கள். வந்திருக்கிற ஆறு பேரில் இரண்டு பேர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் பக்கத்தில் ஏதாவது ஒரு சின்ன ஹோட்டலில் பத்து அறை பேசி வையுங்கள். வாடகையை நாங்கள் கொடுத்துக்கொள்கிறோம். அழைப்பிதழின் அடியில், "தனியாக வரும் தோழிகளுக்குத் தங்க இடம் உண்டு" என்று ஒரே ஒரு வரி போடுங்கள். முதல் அறைக்கு முன்பணம் இதோ, மேடையிலேயே பொருளாளரிடம் தருகிறேன்.

அடுத்த கூடுகையில் கடிகாரத்தைப் பார்க்காமல் பேசுவோம். ரயில் போனால் போகட்டும்!