கண்ணாடி இழையை நாமே இணைப்பதா, ஆளை அழைப்பதா?

(அறக்கட்டளையின் பொதுக்குழுவில் செயலாளர் ஆற்றிய உரை)



நமது அலுவலகத்திலிருந்து மக்தப் மதரஸா கட்டடத்துக்கு இணையத் தொடர்பு கொண்டுபோகும் வேலை பற்றிப் பலரும் கேட்டீர்கள். இடையே 180 மீட்டர் தூரம். சாதாரண செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் சரிவராது. இடி மின்னல் காலத்தில் அது இருபக்கத்துக் கருவிகளையும் கெடுத்துவிடக்கூடும். ஆகவே கண்ணாடி இழையாலான ஃபைபர் கேபிள்தான் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதன் முனைகளை நம் பிள்ளைகளே இணைப்பதா, கூலி கொடுத்து ஆளை அழைப்பதா என்பதில்தான் மஷூராவில் இரண்டு கருத்து வந்தது.

நாமே செய்யலாம் என்ற இளைஞர்களின் பேச்சில் நியாயம் உண்டு. கையாலேயே பொருத்தும் ஃபாஸ்ட் கனெக்டர் மலிவு. அதில் ஒளி சற்றுக் கூடுதலாக வீணாகும். ஆனால் 180 மீட்டருக்கு அது பெரிய குறையல்ல. பல கிலோமீட்டர் ஓடும் கேபிளுக்குத்தான் அந்தக் கணக்கு முக்கியம்.

ஆனால் வேலையின் தன்மையைப் பாருங்கள். இழைக்குள் ஒளி ஓடும் பாதை 9 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மேலுறையை உரித்து, துடைத்து, நேராக வெட்டிப் பொருத்தும்போது ஒரு தூசி குறுக்கே நின்றாலும் இணைப்பு கெடும். ஆடிக் காற்றில் நம் கரிசல் புழுதி நுழையாத இடம் ஏது?

ஸ்பிளைசிங் மெஷின் இரு முனைகளையும் மின்பொறியால் உருக்கி ஒன்றாக்கிவிடும். இழப்பு பெரும்பாலும் 0.1 டெசிபலுக்குள் நிற்கும். ஆனால் நல்ல மெஷினின் விலை லட்சத்தைத் தொடும். நமக்கு இருப்பதோ 4 இழை, 8 முனை. அதற்காக ஒரு மெஷின் வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பது, உங்கள் அமானிதப் பணத்துக்கு நாம் செய்யும் நீதியாகாது.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. மதரஸாவில் சிறு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ஓதுகிறார்கள். வெட்டி விழும் கண்ணாடித் துண்டு தரையில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. காலில் ஏறினால் எடுப்பதும் கடினம்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முடிவு இது. பள்ளம் தோண்டுவதும், குழாய் பதிப்பதும், கேபிள் இழுப்பதும் நம் வேலை. கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதனால் கேபிளைக் குழாய்க்குள் விட்டு, இருபுறமும் சில மீட்டர் சுருட்டி வைப்போம். முனை இணைப்பது மட்டும் கூலிக்கு. செலவு பொது நன்கொடையிலிருந்து. ஜகாத் நிதியைத் தொடவில்லை. வேலை முடிந்ததும் ஒவ்வோர் இழையையும் பவர் மீட்டரில் அளந்து, எழுதி வாங்கிய பிறகே பணம். வெட்டிய துண்டுகள் மூடியிட்ட டப்பாவில் வெளியேற வேண்டும்.

நம் இளைஞர்களை ஒதுக்கவில்லை. இருவர் பக்கத்தில் நின்று பார்க்க, வருபவரிடம் சம்மதம் கேட்டிருக்கிறோம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் பணியை டான்ஃபினெட் நிறுவனம் செய்து வருகிறது. போடும் கேபிள் அறுந்தால் இணைக்கவும் ஆள் வேண்டுமல்லவா? ஆப்டிகல் ஃபைபர் ஸ்பிளைசர் என்றே சான்றிதழ்ப் பயிற்சி உண்டு. சேர விரும்பும் பிள்ளைகள் பெயர் கொடுங்கள். கட்டணத்துக்கு உதவுவது பற்றிக் குழு ஆலோசிக்கும். மெஷின் வாங்குவது, பிழைப்பாகக் கொள்பவருக்குப் பொருந்தும்.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு ஃபைபர் வயரை மடக்கி ஆணியில் மாட்டாதீர்கள். அறுந்தால் பிளேடால் சீவாதீர்கள். முனைக்குள் உற்றுப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடும்.

நம் பொருளிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.