கற்ற கைக்கு வேலை
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியதை அறிவீர்கள். அதன் முன்மாதிரிகளுள் ஒன்றாக விளங்கிய ஊர் அகதிகள் எழுப்பியது என்பதைப் பலர் அறியார்.

1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பங்கள் குருக்ஷேத்திர முகாமில் தங்கின. கடை நடத்தியவருக்குக் கடையில்லை. ஏர் பிடித்தவருக்கு நிலமில்லை. இலவச உணவு உயிரைக் காத்தது. வேலையற்ற பொழுதோ மனத்தை அரித்தது. அங்கிருந்த தொழிற்பயிற்சி நிலையம் 1948 ஜூலையில் கர்னாலை அடுத்த நீலோகேரிக்கு மாற்றப்பட்டது. அது சதுப்பு நிலம். முன்னின்று நடத்தியவர் எஸ். கே. டே என்ற பொறியாளர்; பிற்காலத்தில் சமுதாய வளர்ச்சித் துறையின் மத்திய மந்திரியானவரும் அவரே.

பயிற்சியோடு அவர் நிற்கவில்லை. இதையே நான் வற்புறுத்த விரும்புகிறேன். பட்டறை, அச்சகம், சோப்புத் தொழிற்சாலை, ஆடை தைக்கும் ஆலை, பால் பண்ணை ஆகியவை அவ்வூரிலேயே எழுந்தன. கற்றவர் சான்றிதழை மடித்துக்கொண்டு ஊர் ஊராய் அலைய வேண்டியதில்லை. சான்றிதழ் உலையில் வேகாதல்லவா?

நம் மாநிலத்திலும் 1983 முதல் வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல முகாம்களில் வாழ்கின்றன. அவர்தம் பிள்ளைகள் மின்பணியோ தையலோ இலவசமாகக் கற்று வந்தால், முதல் வேலையைக் கொடுப்பவர் யார்? உங்கள் ஊரில் பம்பு மோட்டார் பழுதாகிறது, தெருவிளக்கு அணைகிறது, பள்ளிச் சீருடை தைக்க வேண்டியிருக்கிறது. முகாமுக்கு அருகிலுள்ள பஞ்சாயத்தார், அங்கே யார் யார் எத்தொழில் கற்றுள்ளனர் என்று கேட்டெழுதி, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள்.