மாதவிலக்கு நிற்கும் காலமும் சீன ஊசி வைத்தியமும்

(வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தின் பெயரைக் கேட்டவுடனே முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் சிலர் முகத்தைச் சுளிப்பதும், பின்னாலிருக்கும் வாலிபர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதும் நமக்குத் தெரிகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் உண்டாகும் கஷ்டங்களையும், அதற்கு அக்குபங்சர் என்னும் சீன ஊசி வைத்தியத்தால் குணமுண்டா என்பதையும் பொது மேடையில் பேசலாமா என்று நினைக்கிறீர்கள். மனித சமூகத்தில் சரிபாதியாயுள்ள பெண்மக்கள், ஆயுள் நீண்டால் ஒருவர் பாக்கியில்லாமல் கடந்து தீரவேண்டிய ஒரு காரியத்தைப் பேசக் கூச்சப்படுவோமானால், நாம் பெண் விடுதலை பேசுவதற்கு என்ன அர்த்தம் இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

நாம் வைத்தியரல்ல, பெரிய படிப்புப் படித்தவருமல்ல. கிடைத்ததைப் படித்து, புரியாததை டாக்டர்களிடம் கேட்டு, நமது புத்திக்குச் சரியென்று பட்டதைச் சொல்லப்போகிறோம்.

இயற்கையா? தண்டனையா?

பெண்ணின் வயிற்றில் கருப்பைக்கு இரு பக்கத்திலும் சூலகம் என்று இரண்டு சிறு உறுப்புகள் இருக்கின்றன. அவைகளில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நாற்பது வயதுக்கு மேல் ஒழுங்கு தவறி ஏறுவதும் இறங்குவதுமாயிருந்து, கடைசியில் குறைந்துவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராமலிருந்தால் நின்றுவிட்டதென்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். ஐரோப்பா, அமெரிக்காவில் சராசரி 51 வயதில் நிற்கிறது. இந்தியாவில் 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. நிற்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்பிருந்தே தொல்லை தொடங்கிவிடும். திடீரென்று மார்பிலிருந்து முகம்வரை அனல் பாய்வதும், வேர்த்துக் கொட்டுவதும், தூக்கம் கெடுவதும், நெஞ்சு படபடப்பதும், காரணமின்றிக் கோபமோ அழுகையோ வருவதும் இக்காலத்து அடையாளங்களாகும். மூளையின் அடியில் உடம்பின் சூட்டை அளந்து நிறுத்தும் ஒரு பகுதி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்த அளவு கோணலாகி, இல்லாத சூட்டை இருப்பதாக எண்ணி உடம்பை வேர்க்க வைக்கிறது. சங்கதி இவ்வளவுதான். இதில் பாவமுமில்லை, சாபமுமில்லை, பேயுமில்லை.

ஆனால் நமது நாட்டில் இது எப்படிப் பார்க்கப்படுகிறது? இரத்தம் வந்தால் தீட்டு, நின்றால் கிழவி. வந்தபோது திண்ணையில் ஒதுக்கி வைத்தவர்கள், நின்றபோது “இனி உனக்கென்ன” என்று மூலையில் ஒதுக்கி வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அவள் மனுஷியாயிருந்த காலம் எது என்பதை இந்தச் சமூகம் சொல்லட்டும்.

நம் வீட்டுக் கதை

பிறரைக் குறை சொல்லுமுன் நமது யோக்கியதையையும் சொல்லிவிடுகிறோம். நமது துணைவியாருக்கு 45 வயதான சமயம் இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் போய் உட்கார்ந்திருப்பார். நாமோ “புழுக்கம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வோம். மார்கழி மாதத்தில் புழுக்கம் ஏது என்று யோசிக்கக்கூட நமக்குத் தோன்றவில்லை. மறுநாள் மேடையேறிப் பெண் உரிமையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவோம்!

பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதின் பேரில் அவர் அடுத்த ஊரிலுள்ள ஓர் ஊசி வைத்தியரிடம் போய்வரத் தொடங்கினார். “சிறுநீரகத்தில் யின் குறைந்திருக்கிறது” என்று அவர் சொன்னாராம். பத்துத் தடவை போய்வந்த பிறகு தூக்கம் சற்றுத் தேவலை என்றார். நாம் சும்மா இருப்போமா? “யின்னாவது, பின்னாவது! வேப்பிலை அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?” என்று பரிகாசம் செய்தோம். அவர் நிதானமாகச் சொன்னார்: “யின் கிடக்கட்டும். அரை மணி நேரம் என்னைப் படுக்க வைத்து, எப்போது வேர்க்கிறது, எத்தனை மணிக்குத் தூக்கம் போகிறது என்று அந்த மனுஷர் கேட்டார். இந்த வீட்டில் 20 வருஷமாக நீங்கள் ஒரு நாளாவது கேட்டதுண்டா?”

நமக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகுதான் பரிகாசத்தை நிறுத்திவிட்டு விஷயத்தை விசாரிக்கப் புகுந்தோம்.

பழமை ஒரு ருஜுவாகுமா?

இந்த வைத்தியத்துக்காகச் சொல்லப்படும் முதல் நியாயம் பழமை. சீனாவில் ஹுவாங்டி நெய்ஜிங் என்ற வைத்திய நூல் ஏறக்குறைய 2,000 வருஷங்களுக்கு முற்பட்டது. உடம்பில் ‘சீ’ என்னும் உயிர்ச்சக்தி 12 கால்வாய்களில் ஓடுகிறதென்றும், அது தடைப்படுவதே நோயென்றும், ஊசியால் தடையை நீக்கலாமென்றும் அதில் சொல்லப்படுகிறது. கால்வாய் ஏன் 12? சீன தேசத்து ஆறுகள் 12 என்பதால். ஊசி குத்தும் இடங்கள் ஏன் 365? வருஷத்துக்கு நாள் 365 என்பதால். தோழர்களே! பஞ்சாங்கத்தைப் பார்த்து உடம்பை அளந்தவர்கள் நமது நாட்டில் மாத்திரம் இல்லையென்று இதிலிருந்து தெரிகிறதல்லவா? உடம்பை அறுத்துப் பார்த்தவர்கள் நரம்பைக் கண்டார்கள், இரத்தக் குழாயைக் கண்டார்கள். ‘சீ’ ஓடும் கால்வாயை மாத்திரம் ஒருவரும் கண்டதில்லை.

சீனர்களே இதை எப்போதும் ஒரே மாதிரி மதித்தவர்களுமல்ல. 1822-ல் தாவ்குவாங் சக்கரவர்த்தி அரண்மனை வைத்திய சாலையில் ஊசி வைத்தியம் கூடாதென்று உத்தரவு போட்டார். பிறகு 1950-களில் கம்யூனிஸ்டு அரசாங்கம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 1971-ல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் பீகிங்கில் குடல்வால் ஆப்பரேஷன் ஆனபின், வயிற்று உபாதைக்கு ஊசி வைத்துக்கொண்டதை எழுதியதிலிருந்து மேல்நாட்டிலும் பரவலாயிற்று. ஆகவே பழமை என்பது எதற்கும் ருஜுவாகாது. ஆனால் பழையது என்பதற்காகவே பொய்யென்று தள்ளுவதும் பகுத்தறிவாகாது. சோதித்துப் பார்ப்பதே பகுத்தறிவாகும்.

நாடகக் கத்தி

சோதிப்பது எப்படி? 1998-ல் ஜெர்மன் டாக்டர்கள் ஒரு போலி ஊசியை வெளியிட்டார்கள். அதன் முனை மழுங்கல். நாடகத்தில் வயிற்றில் குத்தும்போது கத்தி பிடிக்குள் போய்விடுகிறதே, அதுபோல் அந்த ஊசி தோலில் பட்டவுடன் தன் பிடிக்குள்ளேயே போய்விடும். குத்தப்பட்டதாகவே நோயாளிக்குத் தோன்றும், உண்மையில் குத்தாது.

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக் கழகத்து டாக்டர்கள் இந்தத் தினுசான மழுங்கல் ஊசியைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 7 தடவைக்குக் குறையாமல் அனல் பாயும் 327 பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதிலும், நமது துணைவியாரிடம் சொல்லப்பட்ட அதே “சிறுநீரக யின் குறைவு” என்று சீன முறைப்படி கண்டவர்களையே சேர்த்தார்கள். ஆகையால் ஊசி வைத்தியத்துக்கு அநீதி செய்ததாக யாரும் சொல்லமுடியாது. ஒரு பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மறு பாதிக்குப் போலி ஊசி, 8 வாரத்தில் 10 தடவை. முடிவென்ன? நிஜ ஊசிக்காரர்களுக்குத் தொல்லை நூற்றுக்கு சுமார் 40 பங்கு குறைந்தது. போலி ஊசிக்காரர்களுக்கும் அதே 40 பங்கு குறைந்தது! ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இரு சாராருக்கும் பேதமில்லை.

அதே வருஷம் அமெரிக்காவில் 209 பெண்களைக் கொண்டு வேறொரு சோதனை வெளியாயிற்று. அதில் போலி ஊசி இல்லை. ஊசி வைத்துக்கொண்டவர்களையும் சும்மா விட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் ஊசிக்காரர்களுக்கு அனல் பாய்வது நூற்றுக்கு 36.7 பங்கு குறைந்தது. சும்மா விட்டவர்களுக்கு 6 பங்கு கூடிற்று. ஊசிக்காரர்கள் இந்த இரண்டாவது கணக்கை மாத்திரம் காட்டுவார்கள். பரிகாசக்காரர்கள் முதல் கணக்கை மாத்திரம் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை விளங்கும். சும்மா விட்டால் குறையவில்லை. ஊசி வைத்தால் குறைகிறது. குத்தாத ஊசிக்கும் அவ்வளவே குறைகிறது. ஆகவே குணம் ஊசிமுனையிலில்லை. பின் எதில் இருக்கிறது? ஓய்வாகப் படுத்திருந்ததிலும், ஒருவர் அக்கறையாய் விசாரித்ததிலும், தேவலையாகும் என்ற நம்பிக்கையிலும் பெரும்பகுதி இருக்கவேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.

இதைக் கேட்டவுடன் “அப்படியானால் பெண்களின் கஷ்டமே மனப்பிராந்திதான்” என்று ஒருவரும் கிளம்பிவிட வேண்டாம். வேர்வை நிஜம், கெட்ட தூக்கம் நிஜம், அது குறைந்ததும் நிஜம். பொய்யானது ஊசிக்குச் சொல்லப்பட்ட காரணம் மாத்திரமே.

செய்யவேண்டியதென்ன?

ஊசி வைத்துக்கொள்ளக் கூடாதென்று நாம் தடுக்கவில்லை. ஒரு தடவை உபயோகித்து எறிந்துவிடும் சுத்தமான ஊசியாயிருந்தால் அபாயம் மிகவும் குறைவு. ஆனால் அதை நம்பி உண்மையான வைத்தியத்தைக் கைவிடுவதுதான் ஆபத்து. குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகக் கொடுத்தால், போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நூற்றுக்கு சுமார் 75 பங்கு அனல் பாய்வது குறைவதாகச் சோதனைகள் காட்டுகின்றன. 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியைக் கண்டு, இம்மருந்து மார்புப் புற்றுநோயைக் கொடுக்குமென்று உலகமெங்கும் பயந்தார்கள். அந்த ஆராய்ச்சிப்படி, ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்டின் என்ற மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்ட 10,000 பேரில் வருஷத்துக்கு 8 பேருக்கு அதிகமாக அந்நோய் கண்டது. 60 வயதுக்குட்பட்டவர்களுக்கும், விலக்கு நின்று 10 வருஷத்துக்குள் தொடங்குபவர்களுக்கும் பொதுவாக நன்மையே அதிகமென்று பிற்பாடு தெளிவாயிற்று. ஆனால் மார்புப் புற்றுநோய் கண்டவர்களுக்கும், இரத்தக் கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் இது ஆகாது. ஈஸ்ட்ரோஜனில்லாத மருந்துகளும் உண்டு. மூளையில் அந்தச் சூட்டளவைக் கெடுக்கும் நரம்பணுக்களைக் கண்டுபிடித்து, அவைகளை அடக்கும் பெசோலினெடன்ட் என்ற மருந்தை 2023-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதற்கும் ஈரலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். எதுவானாலும் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். சகோதரிகள் தயவுசெய்து மனதில் வையுங்கள். விலக்கு நின்று ஒரு வருஷம் கழிந்தபின் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரும்பாலும் அற்பக் காரணமாகவே இருக்கும். ஆனாலும் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் அதுவேயாகும். அந்தச் சமயத்தில் ஊசியென்றும், கஷாயமென்றும், நேர்த்திக்கடனென்றும் மாதங்களைப் போக்கடித்தால் உயிர் போகும். வெட்கத்தால் போன உயிர்கள் போதும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. குத்தாத ஊசி செய்த வேலையில் பாதியையாவது செய்ய உங்களுக்குச் சீன சாஸ்திரம் வேண்டாம், காசு வேண்டாம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் “உனக்கு உடம்பு எப்படியிருக்கிறது? தூக்கம் வருகிறதா?” என்று கேளுங்கள். விடியற்காலை அடுப்பை நீங்கள் மூட்டி அவர்களை ஒரு மணி நேரம் தூங்க விடுங்கள். டாக்டரிடம் போகவேண்டுமானால் கூடப் போங்கள். நாம் 20 வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டதை நீங்கள் இன்றே செய்யலாம்.

நாம் சொன்னோம் என்பதற்காக இவைகளை நம்பவேண்டாம். உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து பாருங்கள். வீட்டிலுள்ள பெண்களையே கேட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால் கொள்ளுங்கள். இல்லையேல் தள்ளுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.