வேலைக்கும் நிலம் வேண்டும்: தாம்பரத்தின் அடுத்த இருபது ஆண்டுகள்



சென்னைப் பெருநகருக்கு 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்தை ஒட்டி நாம் இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15.5 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயிலை நீட்டிக்கத் திட்டம் உண்டு. அது வருமுன்னே, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையோரம் எத்தனை மாடி எழுப்பலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. அந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும் என்பது என் கருத்து. தாம்பரம் மாநகராட்சியில் குடியிருப்பவர்கள் இங்கேயே உழைத்துப் பிழைக்க எவ்வளவு நிலம் வைத்திருக்கிறோம்?

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. காலையில் நகரத்துக்கு ஆளை அனுப்பி, இரவில் திரும்பப் பெறுவதே இந்த ஊரின் வழக்கமாயிற்று. இங்கே வந்த பெரிய நிறுவனங்களோ மதில்களோடு வந்தன. 1928இல் காசநோய் மருத்துவமனை, 1937இல் நகரிலிருந்து பெயர்ந்துவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, விமானப்படைத் தளம், 1984இல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். நாட்டுக்கே பயன்பட்ட நிறுவனங்கள் இவை. மதில்களுக்கு வெளியே எஞ்சிய நிலத்தில் மனைமனையாக ஊர் பெருகியது. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சி பிறந்தது. நிர்வாகம் ஒன்றாகிவிட்டது. பிழைப்பு இன்னும் பத்து ஊர்களாகத்தான் நடக்கிறது.

அனகாபுத்தூரைப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்த ஊர்த் தறிகளில் நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. அந்தச் சந்தை அடைபட்ட பின்னும் சில குடும்பங்கள் தறியை விடவில்லை. வாழைநார் போன்ற இயற்கை நார்களில் புடவை நெய்யக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. அந்தத் தெருவை இடித்து அடுக்குமாடி கட்டினால், ஆளுக்கொரு வீடு கிடைக்கலாம். தறியை எங்கே போடுவது? நமது நில உபயோக வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு நிறம், தொழிலுக்கு ஒரு நிறம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் தறிவீட்டுக்குத் தனி நிறம் கிடையாது. இதைத் திருத்தாமல் மறுவளர்ச்சி என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டைத் தோல் தொழிலின் கதை இதைவிடச் சிக்கலானது. தலைமுறைகளாகச் சோறு போட்ட தொழில்தான் நிலத்தடி நீரையும் கெடுத்தது. ஆலை மூடும் இடத்தில் குடியிருப்பு எழுப்புவது நிலத்துக்கு உரியவருக்கு லாபம் தரும். ஆனால் குரோமியம் ஊறிய மண்ணைச் சோதிக்காமல் அங்கே குழந்தைகளைக் குடிவைப்பது அநியாயம். மண்ணைத் தூய்மைப்படுத்திய பிறகு, அதில் ஒரு பகுதியையாவது சிறு பட்டறைகளுக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்க வேண்டும். மெட்ரோ வழித்தடத்தில் கூடுதல் தளப்பரப்பு பெறுகிறவர்களிடமும் இதையே கேட்கலாம். வீட்டு விற்பனையைப் போல் பட்டறை வாடகை லாபம் தராது என்று கட்டுநர்கள் சொல்வார்கள்; அது உண்மைதான். கூடுதல் தளப்பரப்பு அரசு தரும் சலுகை என்பதால் ஈடு கேட்கும் உரிமையும் அரசுக்கு உண்டு.

இனி நீர்; நிலத்தை ஒதுக்குமுன் அதில் நீர் ஓடும் வழியைப் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலைக்குக் கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என ஏரிக்கு ஏரி நிறைந்து, வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைத் தேடிப் போக வேண்டும். மேற்கே விழும் மழை அடையாற்றுக்குப் போக வேண்டும். பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே ரேடியல் சாலை போட்டோம். போக்குக் கால்வாய்களைத் தெருக்களாக்கினோம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. 2021இல் மாநகராட்சி அமைந்தபோது அந்த இரண்டு ஊராட்சிகளும் எல்லைக்கு வெளியே நின்றன. மேட்டில் இருக்கும் மேற்குத் தாம்பரத்தில் எவ்வளவு சிமென்ட் போடுகிறோமோ அவ்வளவு தண்ணீர் அவர்கள் வாசலுக்குப் போகிறது. எனவே வார்டு எல்லையை வைத்துக்கொண்டு திட்டம் போடக் கூடாது. நீர் ஓடும் எல்லையை வைத்துப் போட வேண்டும். பட்டறைக்கும் கடைக்கும் நிலம் ஒதுக்கும்போதும் தாழ்நிலத்தை ஏழைத் தொழில்களின் தலையில் கட்டக் கூடாது. வெள்ளத்தில் ஒருமுறை மூழ்கிய தையல் இயந்திரத்துக்கு மாற்று வாங்க முடியாமல் தொழிலையே விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வெளியூர்ப் பேருந்துகளின் ஓட்டம் தெற்கே நகர்ந்தபின், தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றிய சிறுவணிகம் என்ன ஆயிற்று என்பதை நம் மாணவர்கள் கடை கடையாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். பூக்காரரும் டீக்கடைக்காரரும் சொல்வதற்குத் திட்ட அறிக்கையில் இடம் கிடைக்க அதுதான் வழி.

இந்தக் கருத்தரங்கிடம் நான் எதிர்பார்ப்பது ஒரு வரைபடம். எந்தத் தெருவில் என்ன தொழில் நடக்கிறது, அங்கே எத்தனை பேர் உழைக்கிறார்கள், மழைநீர் எவ்வழி போகிறது என்பவை ஒரே தாளில் இருக்கட்டும். நாளை மாலை கருத்தரங்கு முடிவதற்குள் அது முழுமை பெறாது; எந்த வார்டிலிருந்து தொடங்குவது, யார் செய்வது என்றாவது முடிவு செய்துவிடலாம். முதல் அமர்வு ஏரிகளைப் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.